பூனைக்குச் சர்க்கரை... உங்களுக்குத் துணை யார்?

"டாக்டர், எங்க மணி மூத்திரம் போற இடத்துல எறும்பு மொய்க்குது!"

சென்ற ஐப்பசியில் ஒரு மழை நாள் மாலை. நனைந்த குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்த அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். நங்கநல்லூர்ப் பக்கம் வீடு. மூட்டுவலிக்காக என்னிடம் ஏற்கெனவே வந்திருக்கிறார்.

எறும்பு மொய்க்கிறது என்றால் எங்கள் வைத்தியத்தில் வேறு விளக்கமே தேவையில்லை. மதுமேகம்!

"மணி யாரும்மா, பேரனா? என்ன வயசு?" என்று கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்தேன்.

"ஒன்பது வயசு டாக்டர். பேரன் இல்லே... பூனை!"

சிரித்துவிட்டேன். சிரித்த மறுநிமிடமே வருத்தப்பட்டேன். அந்த அம்மாவின் கண்ணில் தண்ணீர்.

பையிலிருந்து ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து நீட்டினார். நாலு நாளைக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். சர்க்கரை நோய் என்று உறுதி செய்து, தினம் இரண்டு வேளை இன்சுலின் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார் அவர். மருந்தை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. ஆனால் நாலு நாளில் ஒரு ஊசிகூடப் போடவில்லை!

"கை நடுங்குது டாக்டர். பெங்களூர்ல இருக்கற பையன்கிட்ட சொன்னா, 'பூனைக்கெல்லாம் ஊசியாம்மா? மீன் மார்க்கெட்ல கொண்டுபோய் விட்டுட்டு வா'ங்கறான். பக்கத்துல சொன்னா சிரிக்கறாங்க. அவர் போனப்புறம் வீட்டுல பேச்சுத்துணைக்கு அது ஒண்ணுதான். அவர் மடியிலயே வளர்ந்தது... நீங்க நாலு சூரணம் கொடுங்க. சோத்துல பிசைஞ்சு வெச்சிடறேன்."

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பூனை இருக்கலாம். அது சில நாட்களாகப் பக்கெட்டில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கலாம். அல்லது நேற்றுத்தான் டாக்டர் "சுகர்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நீங்களும் இந்த அம்மாவைப்போலத் திகைத்துப் போயிருக்கலாம். உங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பூனைக்கும் வருமா?

வரும். நம்மில் பலருக்கு நடு வயதில் வருகிறதே, அதே ஜாடையில்தான் பெரும்பாலான பூனைகளுக்கும் வருகிறது. உடம்பில் இன்சுலின் சுரப்பது குறைகிறது. சுரப்பதும் சரியாக வேலை செய்வதில்லை. நடு வயது தாண்டிய, உடல் பெருத்த, வீட்டை விட்டு வெளியே போகாத பூனைகளுக்கு வாய்ப்பு அதிகம். கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு இன்னும் அதிகம். அரிப்புக்கோ, வாய்ப்புண்ணுக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்ட பிறகு வருவதும் உண்டு. அப்படிப் போட்டிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடையாளம் என்ன? அதிகம் தண்ணீர் குடிக்கும். அதிகம் சிறுநீர் போகும். நன்றாகச் சாப்பிடும், ஆனாலும் இளைக்கும். ரோமம் பொலிவில்லாமல் போகும். சில பூனைகள் பின்னங்காலில் விரல் ஊன்றி நடப்பதற்குப் பதில் குதிகால் தரையில் பட நடக்கும். நரம்பு தளர்வதால் வருவது அது. "வயசாயிடுச்சு, அதான் தாவ மாட்டேங்குது" என்று விட்டுவிடாதீர்கள்.

நம்ம மணி ஆறரைக் கிலோ இருந்ததாம். மூன்று மாதத்தில் ஐந்து கிலோவாக இறங்கியிருக்கிறது. "டயட் இல்லாமலே இளைச்சிட்டான்னு நான் சந்தோஷப்பட்டேன் டாக்டர்" என்றார் அந்த அம்மா. யாரும் ஏமாறக்கூடிய இடம்தான்.

இன்னொன்று. பூனை பயந்தாலே அதன் ரத்தச் சர்க்கரை ஏறிவிடும்! கூடையில் அடைத்து, ஆட்டோவில் குலுக்கி, நாய்கள் குரைக்கும் இடத்தில் உட்கார வைத்தால் ஆரோக்கியமான பூனைக்குக்கூட அளவு எகிறும். அதனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு கட்டமாட்டார்கள். சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஃப்ரக்டோசமின் என்ற பரிசோதனையும் செய்வார்கள். அது அந்த நேரத்து அளவைச் சொல்லாது. கடந்த ஒன்றிரண்டு வாரச் சராசரியைச் சொல்லும். உங்கள் பூனைக்கு இவையெல்லாம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ஏன் சூரணம் கொடுக்கவில்லை?

"என்னிடம் மருந்து இல்லேம்மா" என்றேன்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மனுஷாளுக்குக் கொடுக்கறீங்க. வாயில்லா ஜீவனுக்குக் கொடுக்க மாட்டீங்களா?"

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். ஆவாரம்பூ, நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான், வெந்தயம், மருதம்பட்டை என்று மதுமேகத்துக்குச் சொல்லப்பட்டவற்றை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன். மேக நோய்களை 20 வகையாகப் பிரித்துச் சொன்ன வைத்தியம் இது. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அவை மனித நாடி பார்த்து, மனித உடம்புக்குச் சொல்லப்பட்டவை. பூனையின் ஈரல் நம் ஈரல் போல வேலை செய்வதில்லை. நாம் சாதாரணமாக முழுங்கும் ஒரு பாரசிட்டமால் மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அதன் ஈரலுக்கு அந்த மருந்தை முறித்து வெளியே தள்ளும் சக்தி போதாது. நம் மூலிகைகளில் எதை அது தாங்கும், எதைத் தாங்காது என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

"மாட்டுக்கு மடிவீக்கம் வந்தா கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைச்சுப் போடறாங்களே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வைத்தியம்தான். ஆனால் அது மாட்டுக்கு, அதுவும் வெளிப்பூச்சு. இது பூனைக்கு, உள்ளுக்கு. தவிரவும், 1984-ஆம் வருடத்து இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான்.

சட்டத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். உண்மைக் காரணம் வேறு. அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருடம் இருக்கும். எனக்குப் பழக்கமான ஒரு பள்ளி ஆசிரியர் இதே கேள்வியோடு வந்தார். தட்ட முடியவில்லை. ஆவாரை சேர்ந்த குடிநீர்ச் சூரணம் கொஞ்சம் மடித்துக் கொடுத்து, "கொடுத்துப் பாருங்க சார்... கெடுதல் ஒண்ணும் பண்ணாது" என்றேன். அவர் இங்க் ஃபில்லரில் உறிஞ்சி, துணியில் சுற்றிப் பிடித்து, தினமும் அந்தப் பூனையின் வாயில் விட்டிருக்கிறார். இரண்டு வாரம். பிறகு அது சாப்பாட்டை நிறுத்தியது. வாந்தி எடுத்தது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது.

நானே அந்த மருத்துவரிடம் போய் விசாரித்தேன். அவர் கோபப்படாமல் விளக்கினார். இன்சுலின் இல்லாத உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கிறது. அதில் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலங்கள் ரத்தத்தில் சேர்ந்து உயிரைக் குடிக்கின்றன. "உங்க மருந்து ஒண்ணும் பண்ணலை சார். ஆனா அந்த ரெண்டு வாரம் போயிடுச்சே" என்றார்.

அந்த ஆசிரியர் இன்றுவரை என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதைக் கேட்டதும் அந்த அம்மாவின் கோபம் இறங்கியது. "அப்ப நான் என்னதான் பண்றது?" என்றார்.

"உங்களுக்கு வேண்டியது இன்னொரு மருந்து இல்லேம்மா. மருந்து உங்க ஃபிரிட்ஜ்லயே இருக்கு. உங்களுக்கு வேண்டியது துணை" என்றேன்.

முதல் துணை... மருந்து எழுதிய டாக்டரேதான்!

நம்மில் பலர் செய்யும் தவறு இது. டாக்டர் சொல்லும்போது தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பயப்படுவது. திரும்பிப் போங்கள். "எனக்கு ஊசி போடத் தெரியாது. பூனையை வெச்சே சொல்லிக்கொடுங்க" என்று கேளுங்கள். வெறும் உப்புத் தண்ணீரை ஊசியில் எடுத்து உங்களையே போடவைத்துப் பழக்குவார்கள்.

தனியார் கிளினிக் கட்டணம் கையைக் கடிக்கிறதா? சென்னையில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை யூனிட்? எந்த நேரம்? சாப்பிடாவிட்டால் என்ன செய்வது? பாதி ஊசி வெளியே கொட்டிவிட்டால் என்ன செய்வது? ராத்திரியில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது? இந்த ஐந்துக்கும் பதிலை எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பாதி பயம் போய்விடும்.

இரண்டாவது துணை... ஊசி பிடித்துப் பழகிய கை

"உங்க தெருவுல சுகருக்கு ஊசி போட்டுக்கறவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம? மாடியில குடியிருக்கற ரயில்வே மாமா தனக்குத்தானே வயித்துல போட்டுக்கறார். எதிர்வீட்டு நர்ஸம்மா ஜி.எச்.ல இருந்து ரிடையர் ஆனவங்க."

பாருங்கள்! தமிழ்நாட்டில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும் இன்சுலின் தெரிந்த ஒரு கை இருக்கும். நாம்தான் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்பதில்லை.

முதல் ஊசியை அந்த நர்ஸம்மாதான் போட்டார். பூனை சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில், விலாப்பக்கத்துத் தோலைக் கூடாரம்போல லேசாகத் தூக்கி, அந்த மடிப்புக்குள் ஊசியை நுழைத்து, மெதுவாக அழுத்தி, எடுத்தாயிற்று. மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இன்சுலின் ஊசி மயிரிழைபோல மெல்லியது. தினமும் ஒரே இடத்தில் குத்தாமல் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை! நாலாவது நாள் அந்த அம்மாவே போட்டுவிட்டார்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர்களுக்குப் போட்டுப் பழகியவர்களும் ஏமாறக்கூடும். கவனமாகப் படியுங்கள்.

இன்சுலின் புட்டிகள் நம் நாட்டில் இரண்டு வலுவில் கிடைக்கின்றன. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று. 100 யூனிட் உள்ளது இன்னொன்று. அதற்கேற்ப சிரிஞ்சும் இரண்டு. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால், கோடு ஒன்று என்று காட்டும். உள்ளே போவது இரண்டரை! எழுபது கிலோ மனிதருக்கே அது ஆபத்து. ஐந்து கிலோ பூனைக்கு, ஒரு யூனிட் இரண்டு யூனிட் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் உடம்புக்கு, உயிர் போகிற விஷயம். ரயில்வே மாமா அன்போடு தன் சிரிஞ்ச் பாக்கெட் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார். நர்ஸம்மாதான் மூடியின் நிறத்தைப் பார்த்துத் தடுத்தார்.

அதேபோல, வீட்டுப் பெரியவர் சாப்பிடும் சுகர் மாத்திரையில் கால்வாசி கிள்ளிக் கொடுப்பது, அவருடைய இன்சுலினைத் "தானே கொஞ்சம்" போட்டுவிடுவது... வேண்டவே வேண்டாம். எந்த இன்சுலின், எவ்வளவு என்பது கால்நடை மருத்துவர் முடிவு. பூனைகளுக்கென்றே வந்த மருந்துகளும் உண்டு. ஊசிக்குப் பதில் வாய்வழியாகக் கொடுக்கும் இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2022-லும் 2023-லும் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அவை எல்லாப் பூனைக்கும் ஒத்துவராது. ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்குக் கொடுக்கக்கூடாது என்றே எச்சரிக்கை இருக்கிறது.

மூன்றாவது துணை... அடுப்படி

இங்கேதான் அந்த அம்மா மாட்டிக்கொண்டார். சுத்த சைவ வீடு. மணிக்குக் காலையில் பால், பத்து மணிக்குத் தயிர்சாதம், மாலையில் பிஸ்கெட், ராத்திரி பாக்கெட்டில் வரும் உலர்ந்த தீனி. ஒன்பது வருடமாக!

பூனை மாமிசம் தின்னவே படைக்கப்பட்ட பிராணி. அரிசியையும் மாவையும் சமாளிக்கும் திறன் அதன் உடம்பில் குறைவு. டாரின் என்ற சத்தை அதனால் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. மாமிசத்திலிருந்துதான் அது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கண்பார்வையும் இதயமும் கெடும். சர்க்கரை வந்த பூனைக்கு, மாவுச்சத்து குறைந்த, புரதம் மிகுந்த சாப்பாடே பாதி மருந்து. டின்னிலும் பையிலும் வரும் ஈரத் தீனியில் மாவுச்சத்து குறைந்த வகைகள் உண்டு. லேபிளைப் படித்து, டாக்டரிடம் காட்டி வாங்குங்கள்.

"என் அடுப்புல கோழி வேக வைக்க முடியாது டாக்டர்" என்றார்.

"யாரும் வைக்கச் சொல்லலைம்மா. ஈரத் தீனியைப் பிரிச்சு வெச்சா போதும்" என்றேன்.

ஆனால் மணி மகாராஜா ஈரத் தீனியைத் தொடவில்லை! பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று நினைக்காதீர்கள். குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அப்போதுதான் பக்கத்து போர்ஷன் பாய் வீட்டம்மா கை கொடுத்தார். தங்கள் வீட்டில் கோழி சமைக்கும் அன்றைக்கெல்லாம் இரண்டு துண்டைத் தனியே எடுத்து, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, ஒரு கிண்ணத்தில் மதில் மேல் வைத்துவிடுவார். அதை ஈரத் தீனியோடு கொஞ்சம் பிசைந்து வைத்ததும் மணி வழிக்கு வந்துவிட்டது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களையே அழிக்கும். ஆகவே குழம்புக் கோழி கூடாது. வெறும் கோழிக்கறி மட்டுமே போட்டாலும் எல்லாச் சத்தும் கிடைக்காது.

சாப்பாட்டை மாற்றும்முன் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். தயிர்சாதத்தை நிறுத்தினால் சர்க்கரை இறங்கும். பழைய அளவிலேயே ஊசி போட்டால் மிதமிஞ்சிப் போய்விடும்.

நான்காவது துணை... மாற்று ஆள்

காலை ஆறு மணி, மாலை ஆறு மணி. பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை என்பதுதான் கணக்கு. இதைக் கேட்டதும் நமக்கு வரும் முதல் பயம் என்ன? "இனிமே கல்யாணம் காட்சிக்குப் போகவே முடியாதே!"

அதனால் முதல் மாதத்திலேயே இன்னொருவரைப் பழக்கிவிடுங்கள். இந்த வீட்டில் கீழ் போர்ஷனில் ப்ளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன். அவனாகவே வந்து, "பாட்டி, நான் கத்துக்கறேன்" என்றானாம். நர்ஸம்மா மேற்பார்வையில் பழகிக்கொண்டான். ஒரு பழைய டைரியில் அவனே கட்டம் போட்டுக் கொடுத்தான். தேதி, சாப்பிட்ட அளவு, குடித்த தண்ணீர், ஊசி போட்ட நேரம், போட்டவர் கையெழுத்து. இது விளையாட்டு இல்லை. போட்டாயிற்றா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊசி போட்டுவிட்டால் ஆபத்து. சந்தேகமாக இருந்தால் அந்த வேளை ஊசியை விட்டுவிடுங்கள். ஒரு வேளை தவறினால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டு முறை போட்டால்தான் கெடுதல்.

வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கவும் முடியும். காது ஓரத்தில் லேசாகக் குத்தி ஒரு சொட்டு எடுத்தால் போதும். ஆனால் நம் குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். எனவே எந்த மீட்டர் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரையே பூனைக்கும் ஒட்டிப் பார்ப்பது இப்போது நடைமுறையில் இருக்கிறது.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்க...

* தள்ளாடுதல், வெறித்த பார்வை, மிகுந்த சோர்வு, வலிப்பு... இவை சர்க்கரை அதிகம் இறங்கியதன் அடையாளம். உடனே தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். வலிப்பில் கடித்துவிடும், விரல் ஜாக்கிரதை. தெளிந்து உட்கார்ந்தால் சாப்பிடக் கொடுங்கள். பிறகு டாக்டரிடம் ஓடுங்கள்.

* சாப்பிடாத பூனைக்கு வழக்கமான அளவு ஊசி போடாதீர்கள். முதலில் டாக்டருக்குப் போன்.

* சாப்பிடாமல், வாந்தியெடுத்து, சுருண்டு படுத்துவிட்டால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனை.

* இன்சுலினை ஃபிரிட்ஜ் கதவுத் தட்டிலோ, நடுத் தட்டிலோ வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் வீண்தான். வேகமாகக் குலுக்கவும் கூடாது.

* போட்ட ஊசியைக் குப்பையில் வீசாதீர்கள். துப்புரவுப் பணியாளரின் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, ஆஸ்பத்திரியில் கொடுங்கள்.

"நான்தான் காரணமா?"

இந்தக் கேள்வியை அந்த அம்மா கேட்காத நாள் இல்லை. தயிர்சாதம் போட்டது நான், பிஸ்கெட் போட்டது நான்... அன்பால் போட்டதுதானே! வயது, கருத்தடை, உடம்பு வாகு என்று பல காரணங்கள் சேர்ந்து வருவது இது. உங்களையே குத்திக்கொண்டிருந்தால் அடுத்த ஊசியைப் போடக் கை வராது. நடந்ததை விடுங்கள்.

செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. பூனைக்குத் தேவைப்படும் மருந்து அளவு சிறியது. ஆனாலும் பரிசோதனை, தீனி, ஊசி என்று மாதாமாதம் போகும். முதல் நாளே டாக்டரிடம் உங்கள் சக்தி இவ்வளவுதான் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதற்குள் எது முக்கியம், எதைத் தள்ளிப்போடலாம் என்று அவர் வகுத்துத் தருவார். சொல்லக் கூச்சப்பட்டு நடுவில் நிறுத்துவதுதான் கெடுதல்.

சிரிப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? இதைச் சொல்லுங்கள். 1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் பேன்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தது நாய்களை வைத்துச் செய்த சோதனைகளில்தான். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல்முறையாகப் போட்டார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் நம் தாத்தா பாட்டிகள் போட்டுக்கொண்டது மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின். பூனையின் இன்சுலினுக்கும் மாட்டின் இன்சுலினுக்கும் 51 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்! மிருகங்கள் நமக்குக் கொடுத்த மருந்தைத்தான் ஒரு மிருகத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நல்ல செய்தி ஒன்று

சீக்கிரம் ஆரம்பித்து, சாப்பாட்டையும் ஊசியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால், சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வருவதுண்டு. எல்லாப் பூனைக்கும் வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. வந்தாலும் திரும்ப வரலாம். கண்காணிப்பு வேண்டும். ஆனால் ஆரம்ப வாரங்களைக் கோட்டைவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும்?

மணிக்கு இன்னும் ஊசி நிற்கவில்லை. அளவு மட்டும் டாக்டர் குறைத்திருக்கிறார். தண்ணீர்ப் பக்கெட்டைத் தேடுவது நின்றுவிட்டது. எறும்பும் போய்விட்டது.

சென்ற மாதம் அந்த அம்மா மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வந்தார். முகத்தில் ஒரு தெளிச்சி.

"கும்பகோணத்துல அண்ணன் பேத்தி கல்யாணம் டாக்டர். ரெண்டு நாள் போய்ட்டு வந்தேன். டைரியைப் பார்த்தா நாலு வேளையும் நர்ஸம்மா கையெழுத்து ரெண்டு, அந்தப் பையன் கையெழுத்து ரெண்டு. ஒண்ணுகூடத் தவறலை. பாய் வீட்டம்மா கிண்ணம் மதில் மேலயே இருந்துச்சு. அது சரி... பையன் பெங்களூர்ல இருந்து போன் பண்ணான். முதல்ல என்ன கேட்டான் தெரியுமா? 'மணிக்கு ஊசி போட்டாச்சாம்மா?'ன்னான்!"

தைலத்துக்குக் காசு வாங்க மறந்துவிட்டேன்.

உங்கள் பூனைக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு அழாதீர்கள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.